மலாவிக்குப் போன மோட்டார்

கோவை கணபதியில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார் பொற்கொடி. யார் வந்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன் அவர் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க, சிங்கிள் பேஸுங்களா, த்ரீ பேஸுங்களா?" மோட்டார் ஓடப்போகிற இடத்தில் என்ன கரண்ட் என்று தெரியாமல் கம்பியைத் தொடமாட்டார்.

மில்காரர் வீட்டுப் பெண் லாஸ்யா, வெளிநாடுகளில் வசதியில்லாத பள்ளிகளுக்கு உதவும் அறக்கட்டளை நடத்துகிறாள். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் ஒரு பள்ளிக் கிணற்றுக்கு மோட்டார் வேண்டும் என்று வந்து நின்றாள். பொற்கொடி கூலி வாங்கவில்லை. தன் கையாலேயே காயில் கட்டி, பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து அனுப்பினார். அதிலிருந்து அறக்கட்டளைக் கூட்டங்களில் அவருக்கு முன்வரிசையில் இடம்.

ஆறு மாதம் கழித்து லாஸ்யா பட்டறைக்கு வந்து ஒரு போட்டோ காட்டினாள். தலைமையாசிரியர் அறையில் மோட்டார் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கயிறு போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஏன் மாட்டலீங்க?"

"அந்த ஊருக்கே கரண்ட் இல்லீங்களாமா, அக்கா. பரவால்லீங்க, போட்டோ நல்லா வந்திருக்குது. அடுத்த ஸ்கூலுக்கும் ஒண்ணு..."

"போட்டோவக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க அம்மணி! கரண்ட் இருக்குதான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?" என்று கத்திவிட்டார் பொற்கொடி.

லாஸ்யா மெதுவாகச் சொன்னாள்: "நீங்களும் கேக்கலீங்களே, அக்கா."

அந்நேரம் பார்த்து வாசலில் ஒரு விவசாயி புகைந்துபோன மோட்டாரை இறக்கிவைத்தார். பொற்கொடிக்கு வழக்கமான கேள்வி வாய்வரை வந்து நின்றது. காசு கொடுக்கிறவர்களிடம் அதைக் கேட்க அவர் ஒருநாளும் மறந்ததில்லை. சும்மா வாங்கிக்கொள்கிறவர்களிடம்தான் கேட்கவே தோன்றவில்லை.