வாப்பாவின் பெயர் எழுதிய தையல் மெஷின்

"சட்டம் படிச்சி என்ன புள்ள செய்யப் போறாய்? கோர்ட்டையே நம்மட வீட்டுக்குக் கொண்டு வரப் போறியோ?"

சாச்சா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அண்ணன் என்ற முறையில் வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

கோர்ட் வீட்டுக்கு வரத்தான் செய்தது. கூட்டிவந்தது நானல்ல.

படகு எஞ்சின் வாங்க சாச்சா ஒரு நிதிக் கொம்பனியில் கடன் எடுத்தார். வாப்பா பிணை நின்றார். தம்பி நீட்டிய கடதாசியை வாசிப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற மனிதர் அவர். தவணை நின்றதும் வழக்கு வந்தது. சிங்களத்தில் வந்த அழைப்பாணையை, "நான் பாத்துக்கொள்றன்" என்று சாச்சா வாங்கிப் போனார். பார்க்கவில்லை. ஆள் வராத வழக்கில் தீர்ப்பு எப்படி வருமோ அப்படியே வந்தது. நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த ஒரு காலையில், புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் எங்கள் வாசலில் லொறி நின்றது. கடனுக்கு ஈடாக வீட்டுச் சாமான்களை எடுத்துப் போகக் கோர்ட் உத்தியோகத்தரும் கொம்பனியின் ஆளும் இறங்கினார்கள். கட்டிலையும் பாயையும் உடுப்பையும் தொட முடியாது என்று உத்தியோகத்தர் தானாகவே சொன்னார். பிறகு உம்மாவின் தையல் மெஷினுக்கு முன்னால் நின்றார். ஊசியின் கீழே பள்ளிக்கூடச் சட்டை ஒன்று பாதி தைத்தபடி கிடந்தது. மெஷின் பலகையில் பச்சைப் பெயின்டில் ஒரு பெயர்.

"இது யார்ட பேர்?"

"இவர்ட," என்றார் உம்மா, வாப்பாவைக் காட்டி. பெருமையாகத்தான் சொன்னார்.

உத்தியோகத்தர் எழுதத் தொடங்கினார்.

யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் எங்கள் ஆட்கள். அகதி முகாமில் எல்லாருடைய வாளியும் ஒரே கிணற்றடியில், எல்லாருடைய பானையும் ஒரே அடுப்படியில். கலந்துபோகாமல் இருக்க, நிவாரண அட்டையில் இருந்த குடும்பத் தலைவரின் பெயரை ஒவ்வொரு பொருளிலும் எழுதினார்கள். கல்வீடு கட்டிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. உம்மா தைத்துத் தைத்துச் சேர்த்து அந்த மெஷினை வாங்கினார். வாங்கிய கையோடு செய்த முதல் வேலை, அதில் வாப்பாவின் பெயரை எழுதுவித்தது.

"சேர், மெஷின் உம்மாட. பிணை நின்டது வாப்பா."

"பேர் இருக்குதானே, மிஸ்?"

"வாளியிலயும் அவர்ட பேர்தான். அகப்பையப் பாருங்க, அதிலயும்."

கொம்பனிக்காரர் சிரித்தார். "மனிசியும் அவர்ட பேர்லதானே? அவவையும் ஏத்துவமா?"

வாப்பா நிலத்தைப் பார்த்தார். என் உம்மாவின் கால் மிதித்து மிதித்து உழைத்த வீட்டில் நின்றுகொண்டுதான் அந்த ஆள் சிரித்தார்.

"மெஷினுக்கு உம்மா உரிமை கோருறா எண்டு எழுதுங்க சேர்," என்றேன் சிங்களத்தில். உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார். எழுதினார். கோர்ட் விசாரிக்கும், அதுவரை மெஷின் கோர்ட்டின் பொறுப்பில் என்றார். லொறியில் ஏற்றும்போது உம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் புள்ளட சட்டய எடுத்துத் தந்திட்டுப் போங்க."

பின்னேரம் சாச்சா வந்தார். "மெஷின் வித்த கடைக்காரன் நம்மட ஆள்தான். உன்ட உம்மாட பேருக்குப் புதுசா ஒரு பில் எழுதி எடுப்பம்."

"உண்மையே எங்கட பக்கம் இருக்கு சாச்சா. அதுக்கு என்னத்துக்குப் பொய் பில்? நீங்க கடனக் கட்டுற வழியப் பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. வாப்பாவும் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டு மாமி வேலியடியில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார். உள்ளே போய்த் தன் சோற்றுப் பானையைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். அவரை விட்டுவிட்டுப் போன கணவரின் பெயர் அதில் இன்னும் அழியாமல் இருந்தது.

"போனவன்ட பேர்தான் கிடக்கு. அதுக்காகப் பானை அவன்டயா? வந்து கேக்கட்டும் பாப்பம்! எந்தக் கோர்ட்டுக்கு வரோணும், சொல்லு மகள்."

மெஷின் தன் உழைப்பில் வாங்கியது என்று உம்மா கோர்ட்டுக்குக் கொடுக்கும் சத்தியக் கடதாசியை நானே எழுதினேன். நேற்றுப் புத்தளம் போய், ஒரு சட்டத்தரணியிடம் காட்டி, கோர்ட்டில் கொடுத்துவிட்டேன். அதோடு கொடுத்த சாட்சிப் பட்டியலில் மாமியின் பெயர். அதற்குக் கீழே, அவர் கொண்டுவரும் பொருள்: ஒரு சோற்றுப் பானை.