தோகு கிழவியின் கடைசி ‘வ’

மூச்சாம்! தோகு கிழவியின் வாயிலிருந்து வந்தது வெறும் மூச்சாம்! மீன் காயப்போடும் இடத்தில் பக்கத்து வீட்டுத் தமாயோ இதைச் சொல்லாத நாள் இல்லை. அன்று அவள் நின்றது வாசலில், கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு. நான் கிழவியின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கு நன்றாகக் கேட்டிருக்கும்?

கிழவியின் மருமகள் ஷிகெனோ பதினோரு வருஷம் அந்த வீட்டில் பாடுபட்டவள். மலைப்பக்கத்துக்காரி. வந்த புதிதில் மீன் வாடைக்கே வாந்தி எடுத்தாள். அவள் புருஷன் செய்கிச்சி, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கேட்டுப் புயலில் படகை விரட்டிக்கொண்டு வந்தான், கரை சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பிறந்த வீட்டில் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. கிழவி படுக்கையில் விழுந்தபோது மலம் அள்ளியவளும் அவள்தான், தமாயோ இல்லை.

கிழவிக்கு மிச்சம் இருந்தவன் சின்ன மகன் கொஹெய். தெற்குக் கடலில் சூரை மீன் பிடிக்கும் கப்பலில் இருந்தான். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று மீனவர் சங்கத்தில் சொன்னால் கப்பலுக்கு ரேடியோவில் செய்தி போகும். அவன் எப்படியாவது ஓடி வருவான்.

அன்று மதியம் கிழவி கண் திறந்தாள். “கொஹெய் நி தகே வ” என்றாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

எங்கள் பேச்சில் மீதி வராவிட்டாலும், வாலைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். ‘நி தகே’ என்று நின்றால், அவனுக்கு மட்டும் சொல்லு என்று அர்த்தம். கூடவே ஒரு ‘வ’ ஒட்டினால், அவனுக்கு மட்டும் சொல்லிவிடாதே. பெரியவனை அப்படிப் பறிகொடுத்தவள் வேறு என்ன சொல்வாள்?

“சொல்லிடவா அத்தை, வேணாமா?” என்று ஷிகெனோ காதோடு கேட்டாள். கிழவி கண்ணை மூடிவிட்டாள்.

“வேணாம்னுதான் சொல்றாங்க, எனக்கே கேட்டுச்சே” என்று சொன்னது நான். ஷிகெனோ சங்கத்துக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் கிழவி போய்ச் சேர்ந்தாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் கழிந்து, சாம்பலையும் கல்லறையில் வைத்த பிறகு, கப்பல் திரும்பி கொஹெய் வந்தான். எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துக் கேட்டான்.

“அண்ணி, அம்மா என்ன சொன்னாங்க?”

ஷிகெனோ அப்படியே சொன்னாள்.

“அந்த ‘வ’ எங்கேர்ந்துடி வந்துச்சு? கெழவிக்கு மூச்சு வாங்குச்சு, ‘ஹ’ன்னு காத்துப் போச்சு. பெத்த புள்ளைய எதிர்பார்த்துக் கெடந்தா அந்த மனுஷி!” என்றாள் தமாயோ.

“வாசல்ல நின்னவளுக்கு இம்புட்டுக் காதா?” என்றேன் நான்.

“சுயே அக்கா, ஒங்களுக்குக் கோயில் மணி அடிச்சாலே பாதிதான் கேக்கும்.”

எனக்கு எழுத்துத் தெரியாது. பின்னால் தபால்காரர் சொன்னார்: அந்த ‘வ’வை எழுதும்போது ‘ஹ’ எழுத்தைத்தான் போடுவார்களாம். படித்தவர்களே இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு என் காதைக் குறை சொல்கிறார்கள்!

கொஹெய் எங்களை விட்டுவிட்டு ஷிகெனோவைப் பார்த்தான். “நிச்சயமா கேட்டுச்சா அண்ணி?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவனும் அதற்குத்தான் காத்திருந்தான். அவள் பாய் விளிம்பை விரலால் நீவிவிட்டாள்.

“கேட்ட மாதிரி இருந்துச்சு.”

அந்த ‘மாதிரி’ எதற்கு? இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பொய் சொல்லத் தெரியாதவளைத்தான் இந்த ஊர் பொய்க்காரி என்கிறது.

கொஹெயின் முகம் செத்துப்போயிற்று. “அண்ணி, இந்த வீட்டுலேர்ந்து...” என்றவன் நிறுத்திவிட்டான். மீதி என்ன என்று அவள் கேட்கவில்லை. தலையைத் தரையில் வைத்து வணங்கினாள்.

மறுநாள் விடிந்ததும் நான் போனேன். ஷிகெனோ சோறு வடித்து, கிழவியின் பெயர் எழுதிக் கும்பிடும் பலகை முன்னால் வைத்திருந்தாள், ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு துணி மூட்டை. கொஹெய் உள்ளே முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். தூங்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். “அக்கா, அத்தைய...” என்றாள்.

பார்த்துக்கோங்க, கல்லறைக்குப் பூ வையுங்க என்றுதானே? வேறு என்ன? மன்னிக்கச் சொல்லுங்க என்று கேட்க வந்தாள், அதுவே பொய்யை ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்கிறாள் தமாயோ. அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

“சரிம்மா” என்றேன்.

வீட்டை விட்டுக் கிளம்புகிற எல்லாரும் ‘போயிட்டு வர்றேன்’ என்பார்கள். அவள் சொல்லவில்லை. கதவைச் சத்தம் வராமல் தள்ளினாள், வெளியே போய், அதே மாதிரி மூடினாள்.