நீலப்பாப்பாவின் மூச்சு

ரக்ஷிதாவுக்கு இருபத்துநாலு வயது. ஸ்ரீசிட்டியில் செல்போன் செய்கிற கம்பெனி ஒன்றில் லைன் லீடர். அவளுக்குக் கீழே பதினெட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆனால் சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அவள் பெயர் நீலப்பாப்பா என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல் வைத்தேன்.

எங்கள் ஆட்கள் என்று நான் சொல்வது பாடகர் நீலமோகன் அபிமானிகள் சங்கத்தை. தமிழிலும் தெலுங்கிலும் பாடிய மனிதர் அவர், இப்போது இல்லை. சித்தூர் பக்கம் ஒருமுறைகூட வந்ததில்லை என்பது வேறு விஷயம். சங்கத்தின் செயலாளர் ஹரிபாபு துணிக்கடை வைத்திருக்கிறார். நான் நரசிம்மன், கேஸ் ஏஜென்சியில் பில் போடுகிறவன். விழா என்றால் மைக் என் கையில் இருக்கும். அழைப்பிதழ் வாசகமும் நானே எழுதுவேன். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற காசில் ஏழைக் குழந்தைகளுக்கு இதய ஆப்பரேஷன் செய்யலாம் என்று ஆரம்பித்தவர் ஹரிபாபு. இத்தனை வருஷத்தில் பதினேழு குழந்தைகள் பிழைத்திருக்கிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. தொல்லையே அதுதான்.

பதினேழில் முதல் குழந்தை ரக்ஷிதா. வடமாலபேட்டைக்காரி. அப்பா கருப்பன் செங்கல் சூளையில் கூலி, அம்மா வெங்கடம்மா களையெடுக்கப் போகிறவள். ஐந்து வயதில் நாலு எட்டு நடந்தால் குந்திவிடுவாள். உதடும் நகமும் நீலமாகிவிடும். இப்படிப்பட்ட குழந்தையை நீலக் குழந்தை என்பார்கள் என்று டாக்டர் சொன்னார். பாடகர் பெயரிலும் நீலம் இருக்கிறது. எனக்கு அது போதாதா? "நீலமோகன் அபிமானிகளின் நீலப்பாப்பா!" என்று அந்த வருஷ விழாவில் மைக்கில் முழங்கினேன். மண்டபமே கைதட்டியது. ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்து உதடு சிவந்த பிறகும் அந்தப் பெயரை யாரும் விடவில்லை.

அடுத்த வருஷம் பாடகரின் பிறந்தநாள் விழாவில் நன்றி சொல்ல அவளை மேடைக்கு அழைத்து வந்தோம். ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன பேசத் தெரியும்? ஆஸ்பத்திரியில் நாங்கள் போட்டுக் காட்டிய பாட்டைப் பாடு என்றேன். அந்தப் பாட்டு முடிகிற இடத்தில் நீளமாக ஒரு "ஆ" வரும். நீலமோகன் ஒரே மூச்சில் இழுத்திருப்பார். குழந்தையும் இழுத்தது. பின்வரிசையில் யாரோ விளையாட்டாக எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணெய் மில் முதலாளி ஒருவர் எழுந்து, ஒரு எண்ணிக்கைக்கு இருநூறு ரூபாய் தருகிறேன் என்றார். பதினொன்றில் குழந்தையின் மூச்சு முடிந்தது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். அன்று வந்த பணத்தில் இரண்டாவது குழந்தைக்கு நாள் குறித்தோம்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நாங்கள் அதைக் 'கவுண்ட்' என்போம். தமிழில் எண்ணுவதா தெலுங்கில் எண்ணுவதா என்று ஒரு வருஷம் கைகலப்பு வரைக்கும் போய், ஹரிபாபு இங்கிலீஷில் எண்ணச் சொல்லித் தீர்த்துவைத்தார். ஆப்பரேஷன் செய்த இதயம் எவ்வளவு தெம்பாக இருக்கிறது என்று காட்ட இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தோம். பதினேழு வயதில் அவள் இருபத்தாறு வரைக்கும் இழுத்தாள். அன்று ஹரிபாபு தன் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து அவளுக்குப் போர்த்தினார்.

அவளுக்கு அந்தப் பாட்டே பிடிக்காது. இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். "கேட்டாலே வயித்தப் பொரட்டுதுண்ணா" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த வருஷமும் அதே பாட்டைத்தான் பாட வைத்தேன்.

பாட்டு வருஷத்துக்கு ஒருநாள். மற்ற நாட்களைப் பற்றித்தான் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. சங்கத்து உண்டியலில் பத்து ரூபாய் போட்டவனுக்குக்கூட அவள் இதயத்தில் பங்கு இருந்தது. புத்தூர் பஸ் ஸ்டாண்டில் தோழிகளோடு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவளை முன்பின் தெரியாத ஒருவர் நிறுத்தி, "எண்ணெய்ப் பண்டம் துன்னலாமாம்மா? அது நாங்க காசு போட்ட ஆர்ட்டு" என்றாராம். கூட வேலை செய்கிற பையன் ஒருவன் பைக்கில் கொண்டுவந்து வீட்டில் விட்டதற்கு, "இவன் வண்டியில ஏறிக்கினு போறதுக்கா உசுரக் காப்பாத்தனோம்?" என்று சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதினார். எழுபது பேர் படித்தோம். ஒருவரும் அவரைக் கண்டிக்கவில்லை. இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கும்போது அவள் நர்ஸாகப் போகிறாள் என்று நானே மைக்கில் அறிவித்தேன். அப்படி ஒன்றை அவள் சொன்னதே இல்லை. மேடையில் கேட்க நன்றாக இருந்தது, சொல்லிவிட்டேன். அவள் கம்பெனி வேலைக்குப் போனபோது ஏதோ பணத்தை வாங்கி ஏமாற்றிவிட்ட மாதிரி நாலைந்து பேர் கோபித்துக்கொண்டார்கள்.

பத்தொன்பது வயதில் ஒருமுறை பரீட்சை என்று சொல்லி வராமல் இருந்து பார்த்தாள். அந்த வருஷம் பாதிப் பணம்தான் சேர்ந்தது. பலமனேர் பக்கத்துக் குழந்தை ஒன்றின் ஆப்பரேஷன் மூன்று மாதம் தள்ளிப்போனது. ஹரிபாபு அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் குழந்தையின் போட்டோவைத் தினமும் காலையில் வெங்கடம்மாவின் செல்லுக்கு அனுப்பினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் ஒரு விழாவையும் விட்டதில்லை.

போன வருஷம் கவுண்ட் பதினாலில் நின்றது. கம்பெனி ஹாஸ்டல் சாப்பாடு, ராத்திரி ஷிஃப்ட், செல்போன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இந்த வருஷம் விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் என்னைப் பார்க்க ஏஜென்சிக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு சமனாகிற வரைக்கும் பேசவில்லை.

"அண்ணா, ஒரு விசயம். யாராண்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லும்மா."

"கம்பெனியில செக்கப் வெச்சாங்கோ. சின்ன வயசுல தெச்ச எடத்துல வால்வு லீக் ஆவுதாம். மாத்தணுமாம். படி ஏறனாலே மூச்சு வாங்குது."

"ஐயையோ, ஹரிபாபுகிட்ட ஒரு வார்த்தை..." என்று செல்லை எடுத்தேன்.

"அதான் வோணான்றேன்!" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஈஎஸ்ஐ கார்டு கீதுண்ணா. என் சம்பளத்துல புடிக்கிற காசு. சென்னைக்கு வரச் சொல்லி டேட்டு குடுத்துட்டாங்கோ. கம்முனு போய்ப் பண்ணிக்கினு வந்துடுவேன். சங்கத்துக்குத் தெரிஞ்சா, நாங்கதான் பண்ணுவோம்னு நிப்பாங்கோ. அப்பறம் இன்னும் இருவது வருசம் மேடையில நிக்கணும். என்னால முடியாது."

"ரூபாய் கிடைக்குதுன்னா நல்லதுதானேம்மா" என்றேன். புத்தி அவ்வளவுதான் எனக்கு.

"வடமாலபேட்டையில என்னப் பாத்தா யாரும் நல்லா கீறியான்னு கேக்கறதில்லண்ணா. எங்க காசு நல்லா கீதான்னு கேக்கறா மாதிரி பாக்கறாங்கோ. இந்த ஒரு ஆப்பரேசனாவது என்னுதா இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இந்தத் தபா கவுண்ட் மட்டும் வோணாம். தேங்க்ஸ் சொல்லிட்டு எறங்கிடறேன். நீங்கோ பாத்துக்குவீங்களா?"

பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மனசாரத்தான் கொடுத்தேன்.

மறுநாளே ஹரிபாபுவின் கடைக்குப் போய், இந்த வருஷம் கவுண்ட் வேண்டாமே, வேறு ஏதாவது செய்யலாமே என்றேன்.

"ஏமய்யா நரசிம்மா, கவுண்ட் லேகுண்டா, கவுண்ட் இல்லாம ஃபங்க்ஷனா? ஜனங்க அதுக்குத்தானய்யா வராங்க" என்றார். காரணம் கேட்டார். காரணத்தைத்தான் சொல்ல முடியாதே. பெண்ணுக்கு வயதாகிறது, கல்யாணம் காட்சி என்று இருக்கிறது என்று வழுக்கினேன். அவர் செல்லில் ஒரு போட்டோவைக் காட்டினார். ராமகுப்பத்துக் குழந்தை, நாலு வயது, பெயர் சுமித்ரா. அம்மா செங்கம்மா பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கப் போகிறவள். குழந்தையின் உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சரி என்று எழுந்து வந்துவிட்டேன். ரக்ஷிதாவுக்குப் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வாரம் போயிற்று.

விழா திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. செங்கம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கருப்பனும் வெங்கடம்மாவும் அவள் பக்கத்தில். ரக்ஷிதா மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து, நாலு வரி பேசி நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அடுத்த நிகழ்ச்சி என்று நான் அறிவித்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டம் "கவுண்ட்! கவுண்ட்!" என்று ஆரம்பித்துவிட்டது. நகைக்கடைக்காரர் ஒருவர் எழுந்து, இந்தத் தடவை ஒரு எண்ணிக்கைக்கு ஐயாயிரம் என்றார். செங்கம்மா குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்துக் கும்பிட வைத்தாள்.

ரக்ஷிதா அந்தக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மைக்கை வாங்கினாள்.

பாட்டு முடிந்து அந்த "ஆ" வந்தது. ஒன், டூ, த்ரீ என்று மண்டபம் எண்ணியது. ஏழில் குரல் உடைந்தது. எட்டு சொல்ல வாயெடுத்தவர்கள் அப்படியே நிறுத்திக்கொண்டார்கள். யாரும் கேலி செய்யவில்லை. நகைக்கடைக்காரர் ரொம்ப அன்பாக, "பரவால்ல பாப்பா, தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தபா பாடு. இது கணக்குல இல்ல" என்றார். எல்லோரும் அவளை உற்சாகப்படுத்தக் கைதட்டினார்கள். அவள் மேடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டு ஓரம் வெளுத்துவிட்டது. அந்த நிலையிலும் மைக்கை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள்.

விழுந்துவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினேன். "போதும்! அவளால முடியாது! வால்வு லீக் ஆகுது, அவளுக்கே மறுபடியும் ஆப்பரேஷன் பண்ணணும்!" என்று கத்தினேன். மூன்று வாரமாக நான் காப்பாற்றிய ரகசியம் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

கீழே வெங்கடம்மா "ஐயோ" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அப்புறம் ஹரிபாபு மேடைக்கு வந்தார். உண்மையாகவே அழுதுகொண்டு வந்தார்.

"நம்ம வீட்டுப் பாப்பாவ விட்டுடுவோமா? மொதல்ல காப்பாத்துன கை, இப்ப காப்பாத்தாதா?"

"சார், எனுக்கு ஈஎஸ்ஐ..." என்று ரக்ஷிதா சொல்ல ஆரம்பித்தாள். மைக் அவர் கையில் இருந்தது. கூட்டம் எழுந்துகொண்டது. ஒரு அம்மாள் மேடைக்கு வந்து மோதிரத்தைக் கழற்றி வைத்தார். எண்ணெய் மில் முதலாளியின் மகன் செக் எழுதினான். சுமித்ராவுக்கும் சேர்ந்தது, ரக்ஷிதாவுக்கும் சேர்ந்தது. சங்கத்தின் வரலாற்றில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. கருப்பன் மேடையேறி ஹரிபாபுவின் காலில் விழுந்தார். ரக்ஷிதா அழுதாள். பார்த்தவர்கள் நன்றியில் அழுகிறாள் என்று சொல்லித் தாங்களும் அழுதார்கள். அவள் கைகூப்பிக்கொண்டு நின்றாள். அப்படி நிற்க ஆறு வயதில் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

ஈஎஸ்ஐயிலேயே செய்துகொள்கிறேன் என்று இரண்டு தடவை அவள் ஹரிபாபுவுக்குப் போன் செய்தாளாம். ஜனங்கள் மனசாரக் கொடுத்ததைத் திருப்பினால் அவர்கள் மனசு நோகாதா என்று கேட்டாராம். அப்பாவும் அதையே கேட்டாராம். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி, தனி ரூம் என்று முடிவாயிற்று. அட்மிட் ஆவதற்கு முந்தின வாரம் என்னைப் பார்க்க வந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மன்னிச்சுடும்மா. நீ அங்கேயே விழுந்துடுவேன்னு பயந்துட்டேன்."

"தெரியும்ணா. நீங்கோ நல்லதுக்குத்தான் சொன்னீங்கோ. எல்லாரும் நல்லதுக்குத்தான் பண்றாங்கோ." கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "ஈஎஸ்ஐ டேட்ட கேன்சல் பண்ணிட்டேன். அந்த ஆபீஸ்ல ஒரு மேடம், ஏம்மா இன்னா காரணம்னு கேட்டாங்கோ. எழுத ஒண்ணும் தோணல. சொந்தக் காரணம்னு எழுதிட்டு வந்தேன்."

தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"புது வால்வு நல்லா ஓடுமாம்ணா. டாக்டர் சொன்னாரு." வாசலுக்குப் போனவள் திரும்பி நின்று கேட்டாள். "அடுத்த வருசம் எத்தினி வரிக்கும் இழுக்கணும்? முப்பது போதுமா?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். போதும்மா என்று என் வாய் சொல்லிவிட்டது.