அணைக்க முடியாத கார், ஊற்ற முடியாத ஆயில்

சத்தியமாகச் சொல்கிறேன், இதை ஒருத்தரும் நம்பப்போவதில்லை.

மகன் நிச்சயதார்த்தத்துக்குப் போகும் வழி. என் கிழட்டுக் கார் திருவிடைமருதூரில் விட்ட புகையை மழைமேகம் என்று நினைத்து, திருப்பனந்தாள் வரை விவசாயிகள் விதை தெளித்துவிட்டார்கள்.

வழியில் ஓர் ஆயில் கடை வாசலில் நிறுத்தினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "தேஞ்ச இன்ஜினுங்க. கெட்டி ஆயில் ஊத்தினா புகை குறையும். முதல்ல வண்டிய அணைங்க."

"அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆகாதுங்களே."

மைத்துனன் குறுக்கே வந்தான். "பம்புசெட்டுக்கு வாங்கின ஆயில் டிக்கியில இருக்கு மாமா, அதையே ஊத்திடுவோம்."

பின்சீட்டில் தாம்பூலத் தட்டோடு மனைவி: "எதையாவது ஊத்துங்க. நல்ல நேரம் முடியப்போவுது, சம்பந்தி வீட்ல போன் மேல போன்."

மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க முடியாமல் கடை வாசலில் உட்கார்ந்தபடியே இதை டைப் செய்வது மட்டும் நிஜம்.

எந்த ஆயில் என்று சீக்கிரம் சொல்லுங்கள், கால் மரத்துப்போச்சு.