நாத்தனார் வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு

என் நாத்தனார் ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள். துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கம் மடித்து வாங்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை கண்ணுக்கு முன்னால் வெள்ளை, வெள்ளை, வெள்ளை. வீட்டுக்கு வந்து குளித்ததும், தலையில் சுற்றிய துண்டைக்கூட அவிழ்க்காமல் தன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லாரி ஓட்டுவாள். நிஜ லாரி இல்லை, கேம். மலைப்பாதையில் மரக்கட்டைகளை ஏற்றிக்கொண்டு, வளைவுக்கு வளைவு உதட்டைக் கடித்துக்கொண்டு போவாள். அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், பஸ் டிரைவர். அவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. அவருடையது ஹாலில் டிவியோடு சேர்த்திருக்கும் கன்சோல். பகலெல்லாம் ஸ்டீயரிங் பிடித்த மனுஷர் சாயங்காலம் அதில் ஃபுட்பால் ஆடுவார். ஆக எங்கள் வீட்டில் துணி தேய்க்கிறவள் லாரி ஓட்டுகிறாள், வண்டி ஓட்டுகிறவர் பந்து உதைக்கிறார். நான் துணிக்கடையில் நின்றுகொண்டே விற்கிறவள். வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்காருவதுதான் எனக்கு விளையாட்டு.

சாப்பாட்டு மேஜையில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே சண்டை. எது செலவு குறைவு?

"ஒரு தடவை காசு கொடுத்தேன், பெட்டியைக் கொண்டுவந்து டிவில சொருகினேன், ஆடினேன், கதை முடிஞ்சுது" என்பார் இவர். "உன்னோடது அப்படியா? இன்னைக்கு மெமரி, நாளைக்கு ஃபேன், அடுத்த மாசம் வேற என்னமோ. யானையைக் கட்டித் தீனி போடுற கதைதான்."

"பெட்டி மலிவுதான் அண்ணா. அதுக்கு வாங்குற ஒவ்வொரு கேமும் என்ன விலைன்னு அண்ணிகிட்ட சொல்லவா? ஆன்லைன்ல நாலு பேரோட ஆடுறதுக்கு மாசாமாசம் தண்டம் வேற. நான் தள்ளுபடி வர்ற வரைக்கும் காத்திருந்து டீ விலைக்கு வாங்குறேன். அதே கம்ப்யூட்டர்லதான் எங்க டியூட்டி ஷெட்யூலும் போடுறேன். எங்க, உன் பெட்டில ஒரு லீவ் லெட்டர் அடிச்சுக் காட்டு பாப்போம்!"

"லீவ் லெட்டர் அடிக்கிறதுக்கு எதுக்கும்மா அத்தனை லைட்டு எரியணும்?"

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இரண்டு பேருக்குமே பொருந்தும் என்பது என் கட்சி. இவர் பெட்டி விலையைச் சொல்லிவிட்டு கேம் விலையை விழுங்குவார். அவள் கேம் விலையைச் சொல்லிவிட்டு பெட்டி விலையை விழுங்குவாள். நான் நடுவில் புகுந்து சொன்னால், உடனே இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து என் மேல் பாய்வார்கள். ரத்த பாசம் அப்போது மட்டும் பொங்கும்.

ஆனால் இந்தச் சண்டைக்கு அடியில் வேறொன்று கிடந்தது. சில வருடங்களுக்கு முன்னால், வெளிநாட்டில் வேலை வாங்கித் தருகிறேன் என்று இனிக்க இனிக்கப் பேசிய ஒருத்தியிடம் நாத்தனார் தன் சேமிப்பு முழுவதையும் கொடுத்து ஏமாந்தாள். போனது போனதுதான். அன்றிலிருந்து அவளுடைய ஏடிஎம் கார்டு அண்ணன் பர்சில் குடியேறியது. அவர் அதிலிருந்து ஒரு காசு எடுத்ததில்லை, அதை எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனாலும் சம்பாதிக்கிற ஒருத்தி ஒரு ஜோடி செருப்பு வாங்க அண்ணன் டியூட்டி முடிந்து வரும்வரை காத்திருப்பது என்ன நியாயம்? நான் சண்டை போட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், கடைசியில் போன வருடம்தான் கார்டு அவள் கைக்குத் திரும்பியது.

அதற்குப் பிறகு அவள் தனக்கென்று வாங்கிய முதல் பெரிய பொருள் அந்த கிராஃபிக்ஸ் கார்டு.

அவளுடைய கம்ப்யூட்டர் சாதாரண ஆபீஸ் ரகம். அதில் மலை என்றால் பச்சை மூட்டை, மரம் என்றால் வெட்டி ஒட்டிய அட்டை. வளைவில் வண்டி திக்கித் திக்கிப் போகும். படம் வரைகிற வேலையை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்கிற ஒரு பாகத்தைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று படித்துப் படித்து, விசாரித்து விசாரித்து வாங்கினாள். ஏறக்குறைய அண்ணனுடைய கன்சோல் விலை. கம்ப்யூட்டரைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போய் மாட்டி, திரும்பும்போது பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். யார் இறங்கச் சொன்னாலும் இறங்குவாள், அதை மட்டும் இறக்க மாட்டாள் என்பதுபோல் இருந்தது அவள் உட்கார்ந்திருந்த தோரணை.

வீட்டில் ஒயர்களை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்ச்சைத் தட்டினாள். அதே மூட்டை, அதே அட்டை, அதே திக்கல்.

மறுபடி கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே வெண்ணெயாக ஓடியது. "நல்லாத்தானே இருக்கு மேடம்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்தால் பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி போனாள். அங்கே ஓடியது. இங்கே ஓடவில்லை. தனக்குக் காட்டும்போது ஒன்று, கொடுத்து அனுப்பும்போது வேறொன்று என்று மாற்றுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கடையில் சத்தம் போட்டுவிட்டு, முகம் சிவந்து வந்து நின்றாள்.

இவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"விடு. நீ எப்பவும் இப்படித்தான்" என்றார்.

அவள் அறைக்குப் போய் ஏடிஎம் கார்டை எடுத்துவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீயே வச்சுக்கோ அண்ணா. எனக்குத்தான் ராசி இல்ல, புத்தியும் இல்ல." யாரும் கேட்காமல் அவளாகவே வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த மனுஷராவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எடுத்துப் பர்சில் வைத்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தார். அடுத்த நாள் சமையலில் உப்பு தூக்கலாக இருந்தது. தெரியாமல் விழுந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

கம்ப்யூட்டரை மொத்தமாக விற்றுவிடுகிறேன் என்று அவள் விளம்பரம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் வந்தார். இவர் டியூட்டிக்குப் போயிருந்தார். வந்தவர் தன் சொந்த உபயோகத்துக்கு என்றார். ஆனால் இடுப்புப் பையில் விதவிதமான ஸ்க்ரூடிரைவர்கள் எட்டிப் பார்த்தன.

ஓட்டிப் பார்த்தார். "ரொம்பத் திக்குதே மேடம்."

"புது கார்டு போட்டும் இப்படித்தான் இருக்கு. பொய் சொல்லி விக்க எனக்கு வராது" என்றாள் நாத்தனார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தேன். சரக்கு விற்கிறவள் இப்படியா பேசுவாள்?

அவர் போனில் டார்ச்சைப் போட்டு மேஜைக்குப் பின்னால் குனிந்தார். வேண்டிய நேரத்துக்கு மேலேயே குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை, துடைத்து வைத்த தட்டு மாதிரி. "சரி மேடம், நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே சுவிட்ச்சை அணைக்கக் கை நீட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு நூல் பிரிந்த சட்டையைக் காட்டினால் பாதி விலைக்குக் கேட்பதுதான் உலக வழக்கம். குறையைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒருவன் பேரம் பேசாமல் வாங்குகிறான் என்றால், நமக்குத் தெரியாத நிறை ஏதோ அவன் கண்ணில் பட்டிருக்கிறது. கடையில் நின்று நின்று கால் தேய்ந்ததற்கு இந்த அறிவாவது மிச்சமில்லையா!

"கொஞ்சம் இருங்க. பின்னாடி என்ன பாத்தீங்க?"

"சும்மா... தூசி இருக்கான்னு."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம். நிறைய."

"அப்ப விலையைக் குறைச்சுக் கேளுங்க."

அவர் விழித்தார். "பரவாயில்ல மேடம்."

"அது எப்படிங்க பரவாயில்லாம போகும்? கேளுங்க."

"அண்ணி!" என்றாள் நாத்தனார் பல்லுக்குள். "பேசி முடிச்சாச்சு."

அவர் அவசரமாக விலையைக் கொஞ்சம் ஏற்றினார். அவ்வளவுதான், எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. "எங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றோம்" என்றேன். உலகத்திலுள்ள எல்லாப் பெண்களும் வேண்டாத ஆளை வாசலுக்கு அனுப்பச் சொல்லும் வாக்கியம். எங்கள் கடையில் தினமும் கேட்கிறேன், அன்றைக்குத்தான் நானே சொன்னேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார். "மேடம் எங்க வேலை பாக்குறீங்க?"

"துணிக்கடைல."

"அதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். திருடர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். வியாபாரி.

"வந்த ஒரே ஆளையும் விரட்டிட்டீங்க" என்று நாத்தனார் கண் கலங்கி நின்றாள். "வாடி, வந்து குனி" என்றேன். இரண்டு பேரும் மேஜையை இழுத்துவிட்டுப் பின்னால் மண்டியிட்டோம். தூசி நிஜமாகவே இருந்தது, அந்த மட்டில் அவர் பொய் சொல்லவில்லை. திரையிலிருந்து வந்த கேபிள் மேலே ஒரு ஓட்டையில் சொருகியிருந்தது. கீழே புத்தம் புது வெள்ளித் தகட்டில் அதே அளவில் வேறு ஓட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சின்னக் கறுப்பு ரப்பர் மூடி.

"இது என்னடி மூடி?"

"அது புது கார்டு அண்ணி. தூசி போகாம இருக்க மூடி வரும்."

"அப்ப வீட்டுல ஒரு தடவைகூட இதைத் திறக்கவே இல்லையா?"

அவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். பிறகு ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஷயம் இவ்வளவுதான். இத்தனை வருடமாகத் திரை கேபிளைக் கம்ப்யூட்டரின் பழைய மேல் ஓட்டையில் சொருகிய கை, புது கார்டு வந்த பிறகும் பழக்க தோஷத்தில் அங்கேயே சொருகியிருக்கிறது. கடையில் அவர்கள் மூடியைக் கழற்றித் தங்கள் கேபிளை கார்டில் சொருகிப் பார்த்தார்கள், ஓடியது, திரும்ப மூடியைப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் கார்டை யாரும் வேலைக்கே கூப்பிடவில்லை. அது உள்ளே மின்சாரத்தைத் தின்றுகொண்டு, சம்பளம் மட்டும் வாங்குகிற மேலதிகாரி மாதிரி சும்மா இருந்திருக்கிறது.

மூடியைப் பிடுங்கி கேபிளை மாற்றினாள். திரை கறுப்பாகவே நின்றது. பிறகு வந்தது பாருங்கள்! மலை மலையாக இருந்தது. முன் கண்ணாடியில் மழைத்துளிகள் நடுங்கி நடுங்கி மேலேறின, வைப்பர் வந்து வழித்தது, மறுபடி விழுந்தன. மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. லாரி வளைவில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

நாத்தனார் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "முட்டாள் அண்ணி நான்! வடிகட்டின முட்டாள்!"

"அதை ஏன்டி இவ்வளவு சந்தோஷமா சொல்ற?"

"முட்டாளாத்தானே இருந்தேன்? ஏமாறலையே!"

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. எத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டிருந்தேன் என்பதே அது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அவள் உடனே கடைக்காரருக்குப் போன் போட்டு, சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார் போலிருக்கிறது. இவளும் சிரித்தாள்.

இவர் டியூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றவிடாமல் அவரை நாற்காலியில் உட்காரவைத்தோம். நிஜ பஸ் ஓட்டுகிறவர் கேம் லாரியை எடுத்த வேகத்தில் சுங்கச்சாவடித் தடுப்பை உடைத்து அபராதம் கட்டினார். "இது என்ன, எங்க பஸ் வைப்பர்கூட இப்படி வேலை செய்யாதே" என்று முனகினார். கேபிள் கதையைச் சொன்னோம். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் திரையில் பெய்யும் மழையையே பார்த்துவிட்டுப் பர்சைத் திறந்து, கார்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இந்தா. நீ சரியாத்தான் வாங்கியிருக்க."

அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் அதோடு விடவில்லை.

"அண்ணா, நாளைக்கு நான் தப்பா ஒண்ணு வாங்கினாலும், நிஜமாவே ஏமாந்தாலும், இது என்கிட்டதான் இருக்கும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "சரிம்மா" என்றார்.

எது செலவு குறைவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மின்சார பில்லையும் இப்போது உள்ளே இழுத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு பேர் குரலிலும் சுகம் வந்துவிட்டது. போன மாதம் அவள் லாரி ஓட்ட ஒரு ஸ்டீயரிங் வாங்கினாள், பெடலோடு. வாங்குவதற்கு முன் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கிய பிறகும், பெட்டியை மாடிக்குத் தூக்க ஆள் வேண்டும் என்பதால்தான் சொன்னாள். தூக்கி வந்தவர் அண்ணன். மூச்சு வாங்க வாங்க விலை என்ன என்று கேட்டார். அவள் சொல்லவில்லை.