பிழையாகப் பாடிய பிள்ளை

"நட்சத்திரம்?" என்று கேட்டார் ஐயர்.

பெயரை அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டாள். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெயர். ஐயர் அதை ஒருமுறை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார், அடுத்த முறை நடுப்பகுதியை விழுங்கினார், பிறகு பிள்ளையாருக்கு விளங்கினால் போதும் என்று விட்டுவிட்டார். நட்சத்திரத்தில்தான் அக்கா நின்றுபோனாள். கடலுக்கு அப்பால், தென்னைகளும் புயல்களும் மாறிமாறித் தலையாட்டும் ஏதோ ஒரு தீவில் பிறந்த பிள்ளைக்கு எது நட்சத்திரம்? அன்றைக்கும் சந்திரன் வானத்தில் ஏதோவொரு வீட்டில் தங்கித்தான் இருப்பான். குறித்து வைக்கத்தான் அங்கே யாரும் இல்லை.

"உத்தரட்டாதி" என்றாள் அக்கா.

அது அவளுடைய சொந்த நட்சத்திரம். எனக்குத் தெரியும். ஐயருக்கும் தெரியும், வெள்ளிக்கு வெள்ளி அவள் பெயருக்கு அர்ச்சனை செய்கிறவர் அவர்தானே. ஒரு கணம் கண்ணை உயர்த்தினார். பின்னால் சனம் நின்றது. மணியை எடுத்துவிட்டார்.

வாய்க்கால் கட்டில் திரும்பி நடக்கும்போது கேட்டேன். "ஏனக்கா உங்கட நட்சத்திரத்தைக் குடுத்தனீங்கள்?"

"வேற எதைக் குடுக்கிறது? பேரை மட்டும் சொன்னால் பிள்ளையார் ஆரெண்டு தேடுவார்? பாவம், அவருக்கு வயிறும் பெரிசு, தூரமும் கூட. என்ர கணக்கில போடட்டும். நான் அனுப்பிவிடுவன்."

அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன முறை என்று எங்கள் ஒழுங்கையில் அக்காவைக் கேட்காதவர் இல்லை. முறை ஒன்றும் இல்லை. சண்டை முடிந்து, கூரை போன வீட்டுக்கு நாங்கள் கிளிநொச்சி திரும்பியபின், அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அந்த வீட்டுக் குசினியில் சமையலுக்கு ஒரு பிலிப்பைன்ஸ்காரி இருந்தாள். இவளுக்கு அவளுடைய பாஷை தெரியாது, அவளுக்கு இவளுடைய தமிழ் தெரியாது. வீட்டு எசமானி இரண்டு பேரையும் ஏசிய அரபிதான் இருவருக்கும் பொது. அந்த ஏச்சுச் சொற்களைக் கழுவித் துடைத்து, அதிலேயே ஒரு சிநேகிதத்தைக் கட்டினார்கள். இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் அதே அரபியில்தான் நலம் விசாரிக்கிறார்கள். முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் புடவை கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, எங்களுக்கெல்லாம் நானா, ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கா, நான் ஓதுற அரபு வேற, நீங்க கதைக்கிற அரபு வேற. குறை நினைக்காதீங்கோ, நீங்க சிநேகிதியை 'கழுதை' எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு."

"அவள் என்னையும் அப்பிடித்தான் சொல்லுறவள்" என்றாள் அக்கா, பெருமையாக.

அந்தக் குவைத் நாட்களில், வேலை ஓய்ந்ததும் பிலிப்பைன்ஸ்காரியின் போனில் அவளுடைய மகள் வருவாளாம். முன்பல் விழுந்த சின்னப் பிள்ளை. தாய்க்கு ஒரு பாட்டுப் பாடுவாள், எப்போதும் அதே பாட்டு. ஓரிடத்தில் குரல் மேலே ஏறும்போது பல் இல்லாத ஓட்டையால் காற்று விசிலடித்துக்கொண்டு போகும். தாயும் அக்காவும் அந்த விசிலுக்காகவே காத்திருப்பார்கள். "அந்தப் பாட்டு இல்லையெண்டால் நான் முதல் மாசமே பிளேன் ஏறியிருப்பன்" என்று அக்கா சொல்லாத மாதம் கிடையாது. எங்கள் வீட்டுச் சுவருக்குச் சீமெந்து குழைத்தது தண்ணீரா அந்தப் பாட்டா என்று நானும் யோசித்ததுண்டு.

அந்தப் பிள்ளை வளர்ந்து இப்போது பாடகி. அங்கே ஊரே பார்க்கும் ஓர் இசைத் தொடர் நாடகம், ஒரு சங்கீதப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கதை. அதில் புதிதாக இவளையும் சேர்த்திருக்கிறார்கள் என்ற செய்தி ஒரு மத்தியானம் வீடியோ கோலில் வந்தது. தாய் அங்கே கத்தினாள், அக்கா இங்கே கத்தினாள், எங்கள் கோழிகள் மதிலேறின. பொழுது சாய்வதற்குள் ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. "என்ர பிள்ளை ரீவியில பாடப்போறாள். என்ன குரல் தெரியுமோ!"

முன்வீட்டு அண்ணை உழவு மெசின் வைத்திருப்பவர். வயலை உழாத நேரத்தில் மனிதரை உழுவார். "அப்ப இனி எங்கட ஒழுங்கைக்குக் கமராவோட வருவாங்கள் போல. நான் மெசினைக் கழுவி விடட்டோ?" என்றார்.

"உங்கட மூஞ்சியைக் கழுவுங்கோ அண்ணை, அது காணும்."

கோயிலில் அர்ச்சனை செய்த வெள்ளிக்கு மறுநாள், அந்தச் சனிக்கிழமை வந்தது. அங்கே இராச் சாப்பாட்டு நேரம், எங்களுக்கு அந்தி. போனில் ஓடுவதை ரீவியில் தெரியவைக்கும் பொறுப்பு எனக்கு. அக்கா வடை சுட்டாள். அயலிலிருந்தெல்லாம் கதிரைகள் நடந்து வந்தன. நானா புடவை மூட்டையை இறக்காமலே மோட்டார் சைக்கிளைச் சாத்தினார். வெளியே நெல்லுக்குத் தண்ணீர் பாய்கிற சத்தம், உள்ளே ஒரு சொல்லும் விளங்காத பாஷை. ஆனாலும் எல்லாம் விளங்கியது. இவள் பணக்காரி, அவன் ஏழை, அந்த ரீச்சருக்கு ஏதோ பழைய கவலை. நாடகம் என்பது எல்லா ஊரிலும் ஒரே குளத்துத் தண்ணீர்.

பிள்ளை வந்தாள். புதுச் சீருடை, இரட்டைப் பின்னல். "இவள்தான், இவள்தான்!" அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். நாங்கள் கைதட்டினோம். பிள்ளை மேடையில் ஏறி, கையைக் கோத்து, வாயைத் திறந்தாள்.

நான் எப்படிச் சொல்ல. குரல் ஏற வேண்டிய இடத்தில் வழுக்கியது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மறுத்து, மதில்மேல் பூனையாய்க் குந்தியிருந்தது. பின்னணி இசை ஒரு பாதையால் போக, அவள் வேறொரு பாதையால் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். திரையில் ஒருத்தி காதைப் பொத்தினாள்.

"பாத்தீங்களே, அவளின்ர ஊர்க்காரரே தாங்கேல்ல" என்றார் அண்ணை.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தட்டில் இன்னும் வடை இருந்தது.

கதைக்காக அப்படிப் பாடியிருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. எடுபடாததில் பிழையும் இல்லை. எங்கள் படங்களில் பாடவே தெரியாத கதாநாயகிக்கும் யாரோ ஒருத்தி மறைவில் நின்று தேன்குரல் கொடுப்பாள். ஆடு மேய்க்கிறவளும் சுதி பிசகாமல் பாடுவாள், சாகக் கிடப்பவன் சங்கதி போடுவான். அப்படிப் பார்த்து வளர்ந்த எங்களிடம், நல்ல குரல்காரியைக் கூட்டிவந்து வேண்டுமென்றே கெடுத்துப் பாட வைப்பார்கள் என்றால் யார் நம்புவது?

அந்தக் கிழமை முழுக்க அண்ணைக்கு அறுவடை. அக்காவோ காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். நட்சத்திரம் மாறிய பிழை. பிள்ளையார் கொடுத்த அருள் முழுவதும் உத்தரட்டாதிக்கே வந்து சேர்ந்துவிட்டது.

"அப்ப அருள் உங்களிட்டயெல்லோ நிக்குது" என்றார் அண்ணை, வேலிக்கு மேலால். "ஒருக்காப் பாடிக் காட்டுங்கோவன். வீணாப் போகப்போகுது."

அக்கா வாளித் தண்ணீரை அவர் பக்கம் வீசினாள். ஆனால் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. பகிடிக்குப் பகிடி திருப்பிக் கொடுக்காமல் அக்கா ஒரு நாளும் நித்திரைக்குப் போனதில்லை.

அடுத்தநாள் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். "தம்பி, அப்ப நான் கேட்டது என்ன?"

"எப்ப?"

"குவைத்தில. அவள் அப்பவும் இப்பிடித்தான் பாடினவளோ? கேக்க வேற நல்ல சத்தமில்லாததால எனக்குத்தான் இனிச்சுதோ?"

ஊர் சிரித்தது அவளுக்குப் பெரிதல்ல. அத்தனை வருடம் அவளை அங்கே பிடித்து வைத்திருந்த ஒரே நல்ல பொருள், அது உண்மையிலேயே நல்லதுதானா, இல்லைத் தனிமை செய்த மாயமா என்பதுதான் இப்போது அவிழ்ந்து கிடந்தது. நான் பாட்டைப் பற்றியும் தாகத்தைப் பற்றியும் வடிவாக ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"உந்த எழுத்துக் கதையை விடு. உப்பை எடு" என்றாள்.

தாயிடமே கேட்கலாமே என்றேன். எப்படிக் கேட்பது? பெற்றவளிடம், உன் மகள் ஏன் இப்படிப் பாடினாள் என்று எந்த வாயால் கேட்பது? கடைசியில் தாயே அழைத்தாள். அக்கா செத்த வீட்டுக்குப் போகிற முகத்தை வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அரபியில் ஆறுதல் சொன்னாள். "மாலேஷ், மாலேஷ்." பரவாயில்லை, பரவாயில்லை. பிள்ளைக்கு என்ன, தடிமனோ? கொத்தமல்லி அவித்துக் கொடு.

திரையில் தாயின் முகம் சுருங்கியது, விரிந்தது, பிறகு காணாமல் போனது. சிரித்த சிரிப்பில் போன் விழுந்துவிட்டது. மேலே சுழலும் மின்விசிறியை மட்டும் நாங்கள் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

"நடிப்பாம்" என்றாள் அக்கா என்னிடம் திரும்பி. "பாட வராத பிள்ளையா வந்து, மெல்ல மெல்லப் பழகி, கடைசியிலதான் நல்லாப் பாடுவாளாம். அதுக்கு இன்னும் கன மாசமாம். அதுவரைக்கும் வெளியில எங்கயும் நல்லாப் பாடக் கூடாதெண்டு கட்டளையாம். பிழையாப் பாடிக் காட்டச் சொல்லி எத்தினையோ பேரைக் கேட்டவங்களாம். இவள்தான் திறமாப் பிழைவிட்டவளாம்."

ஒழுங்கையில் அதைச் சொன்னபோது அண்ணை மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். "ஓம் ஓம். என்ர மூத்தவனும் சோதினையில நடிச்சுத்தான் பெயில் விட்டவன்."

அக்காவும் முழுதாக நம்பவில்லை என்பதே கொடுமை. "எந்தத் தாய் தன்ர பிள்ளைக்குப் பாட வராதெண்டு சொல்லுவாள்?" என்றாள் என்னிடம், மெதுவாக.

பிறகு ஒரு முற்பகல். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அக்காவின் போன் அடித்தது, தாயின் எண் அல்ல. படப்பிடிப்புக்கு நடுவே ஒரு வான் வண்டிக்குள் இருந்து, பாதி ஒப்பனையோடு, அந்தப் பிள்ளை. "டீத்தா!" என்றாள். மாமி, சின்னம்மா என்பதுபோல அவர்கள் பாஷையில் ஒரு முறைச்சொல். சின்ன வயதில் அவள் அக்காவைக் கூப்பிட்டது அப்படித்தான். தாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலும். பிள்ளைக்கு அரபி தெரியாது, அக்காவுக்கு அவள் பாஷை தெரியாது. ஆகவே கதை ஒன்றும் இல்லை. பிள்ளை வானின் கதவை இழுத்துச் சாத்தி, விரலை உதட்டில் வைத்து யாரிடமும் சொல்லாதே என்று சைகை காட்டிவிட்டுப் பாடினாள்.

அந்தப் பழைய பாட்டு. அக்கா அடுப்பை அணைத்தாள். கதவை மூடிய வானுக்குள் பாடியதால் குரல் சின்னதாகத்தான் வந்தது; ஆனால் எங்கள் குசினிப் புகையெல்லாம் ஒதுங்கி வழிவிட்டது போலிருந்தது. குளத்துக் கதவைத் திறந்ததும் முதல் தண்ணீர் வறண்ட வாய்க்காலில் தயங்கித் தயங்கி வந்து, சட்டென்று தன் வழியைக் கண்டுகொள்ளுமே, அப்படி. குரல் மேலே ஏறும் இடம் வந்தது. இப்போது பல்லெல்லாம் வரிசையாக இருந்தன, விசில் வர நியாயமில்லை. பிள்ளை அந்த இடத்தில் ஒரு கணம் நின்று, கண்ணைச் சுருக்கி, வேண்டுமென்றே நாக்கை மடித்துக் காற்றை விசிலாக விட்டாள்.

அக்கா சிரித்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அது எந்த இடத்தில் அழுகையாய் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. "கழுதை" என்றாள் அரபியில். பிள்ளைக்கு அந்த ஒரு சொல் மட்டும் விளங்கியது.

"பதிஞ்சு வைச்சிருக்கலாமே அக்கா" என்றேன் போனை வைத்தபின். "அண்ணைக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம்."

"ஏன்? அவள் எனக்குத்தானே பாடினவள்" என்றாள். சோறு குழைந்துபோயிருந்தது. அதையே சாப்பிட்டோம்.

சனிக்கிழமை திரும்பவும் கதிரைகள் வந்தன. நானாவும் வந்தார். திரையில் பிள்ளை போன தடவையைவிட மோசமாகப் பாடினாள். அண்ணை வாயைத் திறக்குமுன் அக்கா வெடித்துச் சிரித்தாள். "பாருங்கோ, பாருங்கோ, எவ்வளவு வடிவாக் கெடுக்கிறாள் எண்டு!" அண்ணை திறந்த வாயை மூட மறந்து இருந்தார். கல்லில் கொழு தட்டினால் அவருடைய மெசினும் அப்படித்தான் நிற்கும்.

"என்ன அக்கா, வெக்கமில்லையோ?" என்றார் கடைசியில், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"வடை எடுங்கோ அண்ணை" என்றாள் அவள்.

அதற்கடுத்த வெள்ளி, கோயிலில் ஐயர் தட்டை வாங்கினார். அந்தப் பெயர் இப்போது அவர் வாயில் ஓரளவு பழகிவிட்டது. ஒழுங்கைக் கதையெல்லாம் அவர் காதுக்கும் போயிருந்தது. அக்கா உத்தரட்டாதி என்று சொன்னதும் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, அதைச் சொல்லித்தானே போனமுறை பாட்டுப் பிழைச்சது எண்டனீர்? ஆளின்ர பிறந்த நேரத்தைக் கேட்டால் நான் பாத்துச் சொல்லுவனே."

"வேண்டாம் ஐயா" என்றாள் அக்கா, தேங்காயை நேராக வைத்தபடி. "இப்ப பிள்ளை பிழையாத்தான் பாட வேணும். அதையே சொல்லுங்கோ."