பின்பக்கமாக ஏறிய ஜீப்

ஆனைக்கரையில் ஓர் ஏலத்தோட்டத்து ஜீப்பை அழகுமலை பதினோரு வருஷம் ஓட்டினார். அந்த வண்டியின் பெட்ரோல் முள்ளை நம்ப முடியாது. டேங்க் வற்றினாலும் அது கால் டேங்குக்குக் கீழே இறங்காது. அதனால் தினமும் காலையில் சீட்டைத் தூக்கி, டேங்குக்குள் மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார். எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில் எல்லாம் பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுவார். வேலைக்குப் போகும் பெண்கள், "அண்ணன் வண்டிக்கு நாடி பாக்காரு" என்று சிரிப்பார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம் ஒரு நாள் மட்டும் அவர் பார்க்கவில்லை. தோட்டத்தில் வேலை செய்த வேலுத்தாயின் மகள் சந்தனத்துக்கு அன்று கம்பத்தில் கல்யாணம். முகூர்த்தம் பத்தரைக்கு. அவர் வருவதற்குள் பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எழுப்பிச் சீட்டைத் தூக்க மனமில்லாமல் அப்படியே கிளப்பிவிட்டார்.

கம்பத்துக்கு இறங்குமுன் வரும் கம்பம்மெட்டுக்கு ஏறும் கடைசி ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் குச்சியை விட்டுப் பார்த்தார். நுனி மட்டும் நனைந்திருந்தது.

"முள்ளு கால்னு காட்டுதே அண்ணே" என்றாள் வேலுத்தாய்.

"அது எப்பவும் அப்படித்தான் காட்டும், தாயி. நான்தான் இன்னிக்குப் பாக்காம வந்துட்டேன்."

சற்று நேரம் யோசித்தார். மிச்சமிருந்த பெட்ரோல் ஏற்றத்தில் டேங்கின் பின்பக்கம் ஒதுங்கிவிட்டது. உறிஞ்சும் குழாயோ முன்பக்கம் இருந்தது. வண்டியைத் திருப்பி நிறுத்தினால் பெட்ரோல் குழாய்ப் பக்கம் வந்து சேரும்.

எல்லோரும் இறங்கித் தள்ளித் திருப்பினார்கள். புதுச்சேலையோடு சந்தனம் மட்டும் உள்ளே இருந்தாள். அவளைப் பின்பக்கம் பார்த்து உட்காரச் சொன்னார்.

"எனக்குக் கழுத்துப் பிடிச்சிருக்கு. நீதான் வழி சொல்லணும்."

ரிவர்ஸ் கியரில் ஜீப் மெல்ல ஏறியது. "பள்ளத்துப் பக்கம் போகுது, பாறைப் பக்கம் ஒடிங்க" என்று அவள் சொல்லச் சொல்ல அவர் ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பினார். மற்றவர்கள் நடந்து வந்தார்கள்.

மேட்டு முக்கில் ஏலக்காய் வியாபாரி ஈஸ்வரமூர்த்தி ஒரு கேன் பெட்ரோல் கொடுத்தார். ஆனால் ரேடியேட்டர் கொதித்துச் சீறியது. நேரமாகிறது என்று வேலுத்தாய் தவித்தாள். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று அவர் அசையவில்லை. இருபது நிமிஷம் ஆறவிட்டு, ஈரச்சாக்கால் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார்.

பத்தே காலுக்குக் கம்பம் போய்ச் சேர்ந்தார்கள். கெட்டிமேளம் கேட்டபோது அவர் வெளியே ரேடியேட்டர் குழாயில் ஒழுக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தனம் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள்.

"இவுகதான் கொண்டுவந்து சேத்தாக" என்றவள், "ஏத்தத்துல நான்தான் ஓட்டினேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அழகுமலை ஆமாம் என்று தலையாட்டினார்.